பங்கேற்பாளர் 14

முன்னூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேட்டில்
அவளுக்கு நான் கொடுத்தது ஓர் எண்.
பெயரை மறைத்தால் பாதுகாப்பு
என்றது பல்கலைக்கழக நெறிமுறைக் குழு.
யாரிடமிருந்து என்று
நானும் கேட்கவில்லை.

பந்தலூரில் மழை பிடித்தால்
கோப்புகளுக்கும் பூஞ்சை பிடிக்கும்.
அறக்கட்டளை அலமாரிக்குள்
நாற்பது வாட் பல்பை எரியவிட்டு
அதன் சூட்டில் காப்பாற்றி வைத்திருக்கிறோம்
பதினோரு ஆண்டறிக்கைகளை,
பதிவுச் சான்றிதழை,
என் முனைவர் பட்டத்தை.

பூஞ்சை துடைக்கத்தான் எடுத்தாள் வெள்ளச்சி.
எட்டாம் வகுப்போடு நின்று,
பிறகு தனித்தேர்வில் பத்து, பன்னிரண்டு,
கூடலூர் போய் டேலி கற்று
இப்போது எங்கள் கணக்கு எழுதுகிறவள்.
துடைத்தவள் படிக்கத் தொடங்கினாள்.
நானோ நன்கொடையாளருக்குப்
பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேண்டுமாம்
ஒரு வெற்றிக் கதை.
இருநூறு சொற்களுக்கு மிகாமல்,
சிரிக்கிற படத்தோடு.

'யோகாக்கா, இந்தப் பதினாலு நானா?'

இருநூற்றுப் பத்தொன்பதாம் பக்கம்.
'இடைநிற்றலின் கட்டமைப்புக் காரணிகள்'
என்ற கனத்த தலைப்புக்குக் கீழே
ஒடுங்கி உட்கார்ந்திருந்தது அவளுடைய
பதின்மூன்று வயதுக் குரல்:
'ஏழு மணி பஸ்சு எங்களுக்கு நிக்காது டீச்சர்.
அடுத்தது பத்தரைக்கு.
பத்தரைக்குப் போனா ஆப்சென்ட்.'

'எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க' என்றாள்.
'ஒண்ணு விட்டுப்போச்சு.
அந்த ஏழு மணிக்கு
ஒங்க ஜீப்பும் அந்த வழியாத்தான் போகும்.
பின்சீட்ல யாரும் இருக்க மாட்டாங்க.'

காப்பீட்டு விதி என்று ஒன்று இருந்தது.
சொல்ல வாய் திறந்து
மூடிக்கொண்டேன்.

தாயகம் திரும்பியவர் என்று
அரசு எழுதிக் கொடுத்த அட்டையோடு
மண்டபத்தில் இறங்கி இந்த மலைக்கு ஏறியவர் என் அப்பா.
கொழுந்து நிறுக்கையில் கணக்கப்பிள்ளை
அம்மாவின் கூடைக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கழிப்பதை
எட்டு வயதில் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவள் நான்.
வாய்மொழித் தேர்வில்
அதைச் சொல்லித்தான் கைதட்டு வாங்கினேன்.
ஜீப்பைப் பற்றி
எந்தப் பின்னிணைப்பிலும் ஒரு வரி இல்லை.

வெள்ளச்சி அதற்குள் நகல் எடுத்துவிட்டாள்:
219, 220, அட்டவணை ஒன்பது.
'திங்கக்கெழம மனு நாள்.
அந்த பஸ்சு இன்னிக்கும் நிக்கறதில்ல.
ஒம்போது புள்ளைங்க நிக்குது.'

பஸ் நிறுத்தக் கேட்டு மனுக் கொடுக்கப்
பஸ் நிற்காத விலக்கிலிருந்து
நாலு கிலோமீட்டர் நடந்தோம், இருட்டோடு.
வளைவில் யானைச் சாணம்
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
பேச்சை நிறுத்திக்கொண்டோம்.
ஊட்டி வந்து சேர்ந்தபோது
என் செருப்பில் பாதி பந்தலூர்.

மேசைக்கு அந்தப்பக்கம் ஒருவர்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'யாரும்மா இந்தப் பங்கேற்பாளர் பதினாலு?'

எனக்குள் நெறிமுறைக் குழு
பதறி எழுந்தது.
அது வாய் திறப்பதற்குள்
வெள்ளச்சி கையை நீட்டினாள்,
நடு ரோட்டில் நின்று
பஸ்சை மறிக்கிறவள் மாதிரி.
'நாந்தான் சார். பேரு எழுதிக்கோங்க.'

எழுதிக்கொண்டார்கள்.
ரசீதில் பெயர் இருந்தது.
பெயருக்கு மேலே
புதிதாய் ஓர் எண்ணும் இருந்தது.

பரிசீலனையில் இருக்கிறது என்று
மூன்று முறை குறுஞ்செய்தி வந்துவிட்டது.
பஸ் இன்னும் வரவில்லை,
அதாவது, வருகிறது,
நிற்கவில்லை.

நன்கொடையாளருக்கு எழுதிவிட்டேன்:
இந்த வருடம் வெற்றி எதுவும் கைவசம் இல்லை.
படம் இணைத்துள்ளேன்.
ஒரு விலக்கு, மழை, ஒன்பது குடைகள்.
யாரும் சிரிக்கவில்லை.

ஏழு மணிக்கு இப்போதெல்லாம் ஜீப் நிற்கிறது.
எவ்வளவு நெருக்கினாலும் ஆறு பேர்தான்.
இன்றைக்கு எந்த ஆறு பேர் என்று
வெள்ளச்சி தீர்மானிக்கிறாள்.
நான் ஓட்டுகிறேன்.